ஹப் முதலில், டிரம் அப்புறம்

பழைய காரில் பிரேக் சரியில்லை என்றதும் எல்லோருடைய கையும் ஷூவிடம்தான், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டையிடம்தான் போகும். அதன் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்திருக்கிறதா, கிரீஸ் பட்டிருக்கிறதா, பெடலிலிருந்து வரும் ராடு சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால் டிரம்மைக் கழற்றி, கடைந்து வட்டமாக்க லேத்துக்கு அனுப்புவார்கள். பளபளவென்று திரும்பி வரும். மாட்டி ஓட்டினால் பெடல் முன்பைவிட அதிகமாகத் துடிக்கும். உடனே பழி கடைந்தவர் மேல் விழும். பாவம், பெரும்பாலும் அவர் மேல் தப்பே இருக்காது. டிரம்மைக் கடையச் சொன்னார்கள், கடைந்தார். அந்த வட்டம் காரில் எந்த மையத்தைச் சுற்றி ஓடப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது டிரம் இல்லை, அதைத் தாங்கும் ஹப், சக்கரத்தின் நடுக்குடம். ஹப்பைப் பார்க்காமல் டிரம்மைக் கடைவது வீண்வேலை மட்டுமில்லை, திரும்ப ஒட்டவைக்க முடியாத இரும்பையும் சேர்த்துத் தொலைக்கிறோம்.

என்னிடம் இருப்பது 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ. 1927 கடைசியில் வெளிவந்து 1931 வரை லட்சக்கணக்கில் தயாரான கார். 40 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல் எடை, நான்கு சக்கரத்திலும் 11 அங்குல டிரம். எல்லாமே ராடும் நெம்புகோலும்தான். டூசன்பர்க் 1921இலேயே நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்துவிட்டது. ஃபோர்டு அதற்கு மாறியது 1939 மாடலில். ஆக, என் காரில் எண்ணெய் அழுத்தம் என்று ஒன்று நடுவில் நின்று குறைகளைச் சமன்செய்யாது. ஒரு டிரம் கோணலாக ஓடினால் அந்தக் கோணல் ராடு வழியாக நேராக உள்ளங்காலுக்கு வந்துவிடும். ஒரு விதத்தில் அது நல்லதுதான், மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இதற்கு முந்தைய மாடல் டி வேறு கதை. 1908 முதல் 1927 வரை வந்த அந்தக் காரில் கால் பிரேக் கியர்பெட்டிக்குள்ளே பிடிக்கும். பின் சக்கர டிரம் கைநெம்புகோலுக்கு மட்டும். கால் பிரேக்கின் பிடி டிரைவ் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில், கீ, ஹப் என்று ஒவ்வொன்றாகக் கடந்து சக்கரத்துக்குப் போக வேண்டும். பின் ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான அந்தக் கீ அறுந்தால் அந்தப் பக்கம் சும்மா சுற்றும், இரு சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் மறுபக்கமும் பிடிக்காது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு கீயில் முழு காரின் கால் பிரேக்கும் தொங்குகிறது என்றால், ஹப்பை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்று புரியும்.

சரி, கழற்றுவதிலிருந்து வருவோம். மாடல் ஏயின் பின் ஹப் சரிவான ஆக்சில் முனையில் ஏறி உட்கார்ந்து, கீயோடு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். பல வருஷம் கழற்றாத ஹப் ஆக்சிலோடு ஒட்டிப்பிறந்ததுபோல நிற்கும். இதைக் கழற்ற இரண்டு வகைக் கருவி உண்டு. ஒன்று, ஆக்சில் முனையில் திருகி அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பது. மலிவு, வேகம். ஆனால் அந்த அடி ஆக்சிலின் மரையைத் தாக்கி, அப்படியே உள்ளே டிஃபரன்ஷியல் வரைக்கும் போகும். இன்னொன்று, ஹப்பின் கழுத்தில் இருக்கும் பள்ளத்தைக் கவ்விப் பிடித்து நடுவில் இருக்கும் போல்ட்டால் இழுக்கும் புல்லர். அந்தப் பள்ளத்தை ஃபோர்டு வைத்ததே இதற்காகத்தான். புல்லரை இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும், வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி காத்திருக்க வேண்டும். ஆக்சில் நட்டை முழுதாக எடுத்துவிடாமல் சில மரை தள்ளி விட்டுவைப்பது நல்லது. ஹப் விடும்போது மெல்ல விடாது, வெடித்துப் பாயும்.

வேறு கார்களில் கை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறைஸ்லர் குழுமத்தின் பழைய கார்களில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகள், அதாவது சக்கர நட்டு ஏறும் மரைத் தண்டுகள், இடது மரையாக இருக்கும். வழக்கமான திசையில் பலமாகத் திருப்பி ஸ்டட்டை முறித்தவர்கள் நிறைய. ஸ்டட் முனையில் 'எல்' என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்பு மாவு கொட்டிக் கிடக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அப்போதைய லைனிங்குகளில் அது சர்வசாதாரணம். எந்தக் காலத்து லைனிங் என்று தெரியாதபோது ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏர் ஹோஸ் பிடித்து ஊதும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். காய்ந்த பிரஷ்ஷாலும் தேய்க்கக் கூடாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தூக்கி எறிய வேண்டும். நுரையீரலுக்குள் போன அந்த இழை வெளியே வராது, அதன் நோய் தலைகாட்டவே பல பத்தாண்டு ஆகும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய ஆட்களின் முறையை நான் பின்பற்றுவதில்லை.

இப்போது ஹப். கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது உட்சரிவு. ஆக்சில் முனையில் நீல மை மெல்லியதாகப் பூசி, கீ இல்லாமல் ஹப்பை ஏற்றி, லேசாகத் திருப்பி எடுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். நீளம் முழுக்க மை படிந்தால் நல்லது. வாய் ஓரத்தில் ஒரு வளையம், மறுமுனையில் ஒரு வளையம், நடுவில் வெற்று என்றால் அந்த ஹப் ஆடிக்கொண்டே ஓடியிருக்கிறது. குறை கொஞ்சமாக இருந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருந்தவைக்கலாம். தேய்த்து முடித்ததும் பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவியாக வேண்டும்.

ரொம்பத் தேய்ந்த ஹப் ஆக்சிலில் கூடுதல் தூரம் உள்ளே போய் உட்காரும். அப்போது டிரம்மின் விளிம்பு, ஷூக்களைத் தாங்கும் பின்தட்டில் உரசும். உரசல் சத்தம் கேட்டுப் பின்தட்டை நெளித்துச் சரிசெய்பவர்கள் உண்டு. நோய் ஓரிடம், மருந்து வேறிடம். இதற்கென்று சரிவில் சுற்றிவைக்க மெல்லிய தகட்டுச் ஷிம் விற்கிறார்கள். ஹப்பை வெளியே தள்ளும், உரசல் நிற்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சரிவுப் பிடிப்பு என்பது உலோகமும் உலோகமும் முழுப் பரப்பில் இறுகுவதால் வருவது, நடுவில் ஒரு தகடு நுழைந்தால் அந்தப் பிடியைக் கீதான் தாங்க வேண்டியிருக்கும். நல்ல ஹப் கிடைத்தால் மாற்றிவிடுவதே மேல்.

பின் சக்கர பேரிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாடல் ஏயில் ரோலர்கள் ஹப்பின் உட்பக்கத்துக்கும் ஆக்சில் ஹவுசிங்கின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே ஓடுகின்றன. ஹவுசிங்கே உள்வளையம். அது அடிப்பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்தால் புது பேரிங் போட்டாலும் ஆட்டம் போகாது, ஹவுசிங் முனையைக் கடைந்து ஸ்லீவ் என்ற உலோக உறையை ஏற்றியாக வேண்டும். முன் ஹப்பில் டேப்பர் ரோலர் பேரிங்குகள். அவற்றின் கப்பில், அதாவது ரோலர் ஓடும் வெளிவளையத்தில், விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் நகத்தில் தட்டும். கப்பை மாற்றுவதாக இருந்தால் டிரம்மைக் கடைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் லேத்தில் மையம் எடுக்கப்போவது அந்தக் கப்பிலிருந்துதான்.

அடுத்தது ஸ்டட். என் காருக்கு முன்பு சொந்தக்காரராக இருந்த யாரோ ஒருவர் இந்த வேலையில் செய்துவைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

மாடல் ஏயில் டிரம்மும் ஹப்பும் ஐந்து ஸ்டட்டுகளால் கோர்க்கப்பட்டிருக்கின்றன, ஐந்தரை அங்குல வட்டத்தில், அரை அங்குலத் தடிமனில். ஸ்டட்டை ஓட்டையில் செலுத்திய பிறகு அதன் கழுத்தை பிரஸ்ஸில் அழுத்தி விரித்துவிடுவார்கள். விரிந்த உலோகம் டிரம்மையும் ஹப்பையும் ஒரே துண்டாகக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் ஸ்வேஜ் என்கிறார்கள். கழற்றும்போது அந்த விரிந்த வளையத்தை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். ஸ்டட்டின் மேல் குழாய்போல இறங்கி, வளையத்தை மட்டும் சீவும் கட்டர் இதற்கென்றே இருக்கிறது. அதைச் செய்யாமல் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளினால், விரிந்த கழுத்து ஓட்டை வழியாகப் பிதுங்கிக்கொண்டு போகும். ஓட்டை பெரிதாகும், ஹப்பின் விளிம்பு வளையும். அப்புறம் புது ஸ்டட் தொளதொளவென்று நிற்கும்.

என் காரின் ஒரு ஹப்பில் அப்படித்தான் ஆகியிருந்தது. தொளதொளத்த ஸ்டட்டுகள் சுற்றாமலிருக்கப் பின்பக்கம் வெல்டிங் பொட்டு வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்று கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நின்றது. சாய்ந்த ஸ்டட்டில் நட்டை இறுக்க இறுக்கச் சக்கரம் கோணலாக இழுபடும், சக்கரத்தோடு டிரம்மும் நெளியும். வெல்டிங் சூட்டில் ஸ்டட்டின் வலுவும் போயிருக்கும். அந்த ஹப்பைக் காப்பாற்ற நான் முயலவில்லை, இன்னொன்று தேடி வாங்கினேன். அப்புறம்தான் விளிம்பின் முகத்தை, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜில் பார்த்து, நேராக இருப்பதை உறுதிசெய்து, புது ஸ்டட் அழுத்தினோம்.

டிரம் தனியாகக் கழன்று வரும் பிற்காலக் கார்களில் இந்தத் தொல்லை இல்லை. மாரிஸ் மைனரில் இரண்டு சிறு திருகுகளை எடுத்தால் டிரம் கையோடு வந்துவிடும். ஆனால் அதிலும் ஹப்பின் முகத்தை மறந்துவிடக் கூடாது. ஹப்புக்கும் டிரம்முக்கும் நடுவில் காகிதத் தடிமனுக்குத் துரு செதில் இருந்தால் போதும், சக்கர நட்டுகள் டிரம்மை அந்தச் செதிலின் மேல் சாய்த்து இறுக்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் டிரம். ஃபோர்டு முதலில் கொடுத்தது தகட்டை அழுத்திச் செய்த எஃகு டிரம். மெல்லியது, இலேசானது. இன்று மாற்றாகக் கிடைப்பவற்றில் வார்ப்பிரும்பு டிரம்மும் உண்டு. தோற்றத்தில் துல்லியம் பார்ப்பவர்கள் எஃகையே வைத்துக்கொள்வார்கள், நான் வார்ப்பிரும்புக் கட்சி. காரணம் இரண்டு. ஷூ உள்ளிருந்து தள்ளும்போது மெல்லிய எஃகு டிரம் நீள்வட்டமாக நெளிந்து கொடுக்கிறது. காலால் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு நெளிவிலேயே போய்விடும். வார்ப்பிரும்பு அப்படி நெளியாது, தடிமனும் அதிகம் என்பதால் சூட்டையும் அதிகம் வாங்கிக்கொள்ளும். அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் தேய்மானத்துக்கும் அதிர்வை அடக்குவதற்கும் நல்லவை. எஃகு டிரம்மை விடமாட்டேன் என்பவர்களுக்காக, வெளிச்சுற்றில் சூடாக்கி ஏற்றி ஆறவிட்டு இறுகவைக்கும் பட்டைகள் உண்டு. அது நெளிவைக் குறைக்கும்.

சூட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் தடிமன் ஏன் முக்கியம் என்று விளங்கும். 1000 கிலோ கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,39,000 ஜூல். ஒருமுறை நிறுத்தினால் அதில் பெரும்பங்கு டிரம்களுக்குள் சூடாக இறங்கும். ஒரு தடவைக்கு அது பெரிதில்லை, நல்ல தடிமனான டிரம்மில் பத்து டிகிரி ஏறினால் அதிகம். நீண்ட இறக்கத்தில் விட்டு விட்டு அழுத்திக்கொண்டே வந்தால்தான் நிலைமை மாறும். 11 அங்குலம் என்பது 279 மில்லிமீட்டர். அந்த வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் குறுக்களவு சுமார் 0.6 மில்லிமீட்டர் பெரிதாகும். பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் தூரம் ஷூ கூடுதலாக நகர வேண்டும். நெம்புகோல்கள் அதைப் பல மடங்காக்கிப் பெடலில் காட்டும். பெடல் கீழே போவதற்கு லைனிங் மட்டும் காரணமில்லை, டிரம்மும் விலகி ஓடுகிறது. கடைந்து மெலிந்த டிரம் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே இரும்பு இல்லை.

அதனால்தான் கடைசலுக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். 11 அங்குல டிரம்மில் பொதுவாகச் சொல்வது 60 தௌ, அதாவது 11.060 அங்குலத்தைத் தாண்டினால் டிரம் முடிந்தது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்கும்போது ஓர் இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது. சுற்றி நாலைந்து இடத்தில் அளந்தால் நீள்வட்டம் தெரியும், வாய் ஓரத்திலும் அடியிலும் அளந்தால் வாய் விரிந்திருப்பது தெரியும். வாய் விரிந்த டிரம்மில் ஷூ எத்தனை நேராக இருந்தாலும் உள் ஓரத்தில் மட்டும்தான் தொடும்.

விரிசலுக்கு எளிய சோதனை தட்டிப் பார்ப்பது. நல்ல வார்ப்பிரும்பு டிரம்மைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது டப்பென்று அடங்கிவிடும். ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றி மட்டும், விரிசலுக்குள் சாயம் ஊடுருவிக் காட்டிக்கொடுக்கும் சோதனை செய்துவிடுவது நல்லது. அங்கே மயிரிழை விரிசல் இருந்தாலும் டிரம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வெல்டிங் செய்து பிழைக்கவைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பரப்பில் நீலம் பாய்ந்து கண்ணாடிபோல் மின்னும் திட்டுகள் இருந்தால் அவை சூட்டில் கெட்டிப்பட்ட இடங்கள். சாதாரண லேத் டூல் அவற்றின் மேல் ஏறிக் குதிக்கும், கடைந்தபின் அங்கங்கே மேடாக நிற்கும். அவற்றைக் கல்லால் அரைத்துத்தான் எடுக்க முடியும்.

கடையும்போது டிரம்மும் ஹப்பும் ஸ்டட்டும் ஒன்றாகக் கோர்த்தபடியே லேத்தில் ஏற வேண்டும். முன் ஹப் என்றால் புது பேரிங் கப்புகளின் மேல் கூம்புகளை வைத்து மையம் எடுக்க வேண்டும். பின் ஹப் என்றால் ஆக்சிலின் அதே சரிவுள்ள மாண்ட்ரல், அதாவது ஹப்பை லேத்தில் ஏற்றும் தண்டு வேண்டும், பழைய ஆக்சில் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டால் அதுவே மாண்ட்ரல். சக்கரம் உட்காரும் இடத்தில் ஒரு தடித்த வளையத்தை வைத்து, சக்கர நட்டுகளை வழக்கமான அளவுக்கு இறுக்கிவிட்டுக் கடைந்தால் இன்னும் நல்லது. ஓடும்போது டிரம் எந்த இறுக்கத்தில் இருக்குமோ அதே இறுக்கத்தில் வட்டமாகும். முடிந்ததும் டயல் கேஜ் 5 தௌவுக்குள் ஆட வேண்டும். இடப்பக்க டிரம்முக்கும் வலப்பக்க டிரம்முக்கும் குறுக்களவு வித்தியாசம் 10 தௌவுக்குள் இருக்கட்டும்.

டிரம் ஓர் ஆலயமணி மாதிரியான வடிவம் என்பதால் டூல் பட்டதும் அலறும், அந்த அலறல் பரப்பில் அலையலையாகப் பதியும். வெளிச்சுற்றில் கனத்த ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினால் அடங்கும். கடைசி வெட்டு மெல்லியதாகவும் டூலின் நகர்வு நிதானமாகவும் இருக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக நகர்த்தினால் பரப்பில் திருகு மரைபோல ஒரு சுழல் கோடு விழும். பிரேக் பிடிக்கும்போது ஷூ அந்த மரையில் ஏறிப் பக்கவாட்டில் நகர்ந்து, விட்டதும் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த டக் சத்தத்துக்குக் காரணம் தெரியாமல் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எமரி தாளைக் கையில் பிடித்துக் குறுக்காக ஓட்டி அந்தச் சுழலை உடைத்துவிட வேண்டும். அப்புறம் வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத்துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். பெட்ரோலில் துடைத்தால் எண்ணெய் போகும், பொடி போகாது.

டிரம் பெரிதானால் பழைய அளவில் வளைந்த லைனிங் அதில் நடுவில் மட்டும் தொடும். புது டிரம்மில் பெரிய வளைவுள்ள லைனிங்கைப் போட்டால் இரண்டு முனையில் மட்டும் தொட்டுக் கவ்வி இழுக்கும், இது இன்னும் மோசம். டிரம்மில் சாக்பீஸ் பூசி ஷூவைக் கையால் வைத்துத் தேய்த்தால் தொடும் இடம் லைனிங்கில் வெள்ளையாகத் தெரியும். டிரம்மின் வளைவைவிட லைனிங் ஒரு துளி சிறிய வளைவாக, நடுவில் முதலில் தொடும்படி அரைத்து வாங்குவது சரி. ஓட்டத்தில் மிச்சம் பொருந்திவிடும்.

திரும்பக் கோர்ப்பதில் முன்னும் பின்னும் நேரெதிர் விதி. பின் ஹப்பின் சரிவில் கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது, துடைத்துக் காய்ந்த நிலையில் ஏற்ற வேண்டும். நட்டைக் குறைந்தது 100 அடி-பவுண்டு இறுக்க வேண்டும், 136 நியூட்டன் மீட்டர். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. முன் ஹப்பில் பேரிங்கைக் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்பி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி அடுத்த ஓட்டைக்குக் கொண்டுவந்து காட்டர் பின்னைப் போட வேண்டும். பின் ஹப்பில் செய்ததை முன் ஹப்பில் செய்தால் பேரிங் வெந்துபோகும். சீல்களை மறக்காமல் புதிதாகப் போடுங்கள். பின்பக்கம் டிஃபரன்ஷியல் எண்ணெய் அளவுக்கு மேல் இருந்தால் எந்தச் சீலும் தாங்காது, புது லைனிங் ஒரே நாளில் எண்ணெய்த் துணியாகிவிடும்.

முதல் ஓட்டத்தில் நிதானமான வேகத்திலிருந்து மெல்லப் பிடித்து, ஆறவிட்டு, மறுபடி பிடித்து லைனிங்கைப் படியவைக்க வேண்டும். வந்து நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே ஷூ உரசிக்கொண்டிருக்கிறது. அன்றே பின் ஆக்சில் நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். காய்ந்த சரிவில் ஹப் இன்னும் ஒரு மயிரிழை ஏறி உட்கார்ந்திருக்கும், நட்டு திரும்பும்.

என் காரில் பெடல் துடிப்பு நின்றுவிட்டது. இடப்பக்கம் இழுப்பது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டிரம் நான்கும் அளவில் சரியாக இருப்பதால் இனி சந்தேகம் ராடுகள் மேல்தான். ராடுகளை நெம்புகோல்களோடு இணைக்கும் கிளெவிஸ் பின்களின் ஓட்டைகள் பாதிக்கு மேல் நீண்டுபோய்க் கிடக்கின்றன. அவற்றை அடைத்துத் திரும்பத் துளையிடும்வரை ராடின் நீளத்தில் கை வைக்கப் போவதில்லை.